சாஞ்சு எந்திரிக்கற பொட்டி

எண்பதுகளில் கோயமுத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிட்டார்காரர்கள் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைத் தூக்கிக்கொண்டு நாமக்கல்லில் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். இது எந்த வருஷத்துப் பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். எல்லோரும் முன்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலில் அதைத் திருப்பி வையுங்கள், முகத்தைப் பார்த்துப் பெட்டியை நம்பாதீர்கள் என்பேன். லாரிக்கு பாடி கட்டுகிற வீட்டு மருமகள் இப்படி அதட்டுகிறாளே என்று சிலர் திருதிருவென்று விழிப்பார்கள். நான் பட்ட பாடு அவர்களுக்கு எங்கே தெரியும்?

சேலத்து ஃபேர்லேண்ட்ஸில் வளர்ந்தவள் நான். எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. சீராக பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக ஒரு கிட்டாரும் அதன் ஆம்ப்ளிஃபயரும் இறங்கின. சுற்றி நின்ற பெண்கள் அதை ரேடியோ என்றார்கள். ஒருத்தி மட்டும் மாவரைக்கிற மிஷின் என்று அடித்துச் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன் நான் சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தேன். அங்கே இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. மேட்டூரில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் ஊரைக் காலி செய்தபோது அப்பா எனக்காக வாங்கியது. மற்றது குழுவின் சொத்து, மெட்ராஸிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே கம்பெனி. அதே துணி, அதே திருகுகள், அதே சிவப்பு விளக்கு. கம்பெனிக்காரன் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வருஷத்துக்கு வருஷம் வயிற்றை மாற்றியிருக்கிறான். பின்பக்கம் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். என்னுடையதில் இடது ஓரத்தில் தடியாக ஒரு வால்வு, அதாவது சூடானால் சிவக்கிற கண்ணாடிக் குழாய், நிற்கும். உள்ளே வருகிற கரண்டை மற்ற வால்வுகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. பிந்தி வந்த குழுப் பெட்டியில் அந்த இடத்து ஓட்டையைத் தகடு வைத்து மூடியிருப்பார்கள். உள்ளே மிளகு மாதிரி நாலைந்து டயோடுகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு வால்வுதானே என்று நினைக்கக் கூடாது. தந்தியை ஓங்கி அடித்தால் குழுப் பெட்டி அடித்த அடிக்கு உடனே கத்தும். என்னுடையது ஒரு கணம் அமுங்கும், அப்புறம் மெல்ல நிறைந்து மேலே வரும். அந்த அமுக்கத்துக்காகத்தான் நான் அதன்மேல் உயிரை வைத்திருந்தேன். ஆனால் யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

இன்னொரு வித்தியாசம் ஆபத்தானது. என்னுடையது அமெரிக்காவுக்குள்ளேயே விற்பதற்காகச் செய்தது. நூற்றுப்பத்து வோல்ட் மட்டுமே தாங்கும். நம் ஊர்க் கரண்டு அதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் நடுவில் கரண்டைக் குறைக்கிற ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் போடுவேன். அதில் தட்டைக் கால் பிளக்கும் போகும், உருண்டைக் கால் பிளக்கும் போகும். நேராகச் செருகினால் புகைதான். குழுப் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, எந்தச் சுவரிலும் செருகலாம்.

புகுந்த வீட்டில் என்னை வாசிக்காதே என்று யாரும் சொல்லவில்லை, வாசி என்றும் சொல்லவில்லை. மேடைக்குப் போவது பற்றிப் பேச்சே எழவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டை ஒட்டியே பட்டறை. காலையிலிருந்து இருட்டும்வரை மரம் அறுப்பதும் தகட்டில் ரிவிட் அடிப்பதும் காதைக் கிழிக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு மட்டும் கொஞ்ச நேரம் சுத்தியல்கள் ஓயும். டீ நேரம் போலிருக்கிறது என்று நினைத்து, அப்போது பட்டறைப் பக்கத்து அறையில் நான் கிட்டாரை எடுப்பேன்.

என் வீட்டுக்காரர் தங்கமானவர், ஆனால் லாரியைத் தாண்டி எதுவும் தெரியாது. ஒருமுறை வால்வு ஒன்று கெட்டுவிட்டது, வாங்கி வாருங்கள் என்றேன். போன வேகத்தில் எஞ்சின் வால்வு ஒன்றை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து, அசல் சாமான் என்று பெருமையாக நீட்டினார். மாமனார் அதிகம் பேசமாட்டார். வாயைத் திறந்தால் என் ஆம்ப்ளிஃபயரை அந்தப் பொட்டி என்பார். அதற்குமேல் அவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், குழுப் பெட்டியின் மரம் மூலையில் பிளந்துபோயிற்று. உங்கள் வீட்டில்தான் பாடி கட்டுகிறார்களே என்று குழுத் தலைவர் அதை எங்கள் பட்டறைக்கு அனுப்பினார். நான் அப்போது சேலத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். திரும்பி வருவதற்குள் என்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று என் வீட்டுக்காரர் என் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். பட்டறைக்காரர்கள் இரண்டின் உள்பாகத்தையும் கழற்றி வைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே மாதிரி தேக்கில் புதுக்கூடு செய்து, பச்சை பெயின்ட் அடித்து, லாரியில் போடுகிற மாதிரி மூலைக்கு மூலை தாமரையும் எழுதியிருந்தார்கள். லாரிக்கு லைட் போடுகிற வயர்மேன் என் பெட்டியின் தட்டைக் கால் பிளக்கை வெட்டிப் போட்டுவிட்டு நம் ஊர் உருண்டைக் கால் பிளக் மாட்டினான். ஊசி மாதிரி இருந்த கண்ணாடி ப்யூஸுக்குப் பதில் நல்ல தடிமனாகச் செம்புக் கம்பி. எல்லாம் பாசத்தில் செய்ததுதான்.

நான் காலையில் சேலத்திலிருந்து வந்து இறங்கியபோது குழுவின் ஆள் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். சாயங்காலம் மேட்டூர் காலனியில் கச்சேரியாம். மிச்சம் இருந்த பெட்டியில், பழைய கூட்டிலிருந்து எடுத்து மாட்டிய பிடியில், அடையாளத்துக்காக நான் எப்போதோ கட்டிய நீல ரிப்பன் பத்திரமாக ஆடிக்கொண்டிருந்தது. சரி, என்னுடையதுதான் என்று டிரான்ஸ்ஃபார்மரில் செருகினேன். சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்தது. தந்தியைத் தட்டினால் சத்தம் பசியில் கிடக்கிற குழந்தை மாதிரி நலிந்து வந்தது.

வந்த கோபத்தில் பட்டறைக்குள் போய் மேஸ்திரியை ஒரு பிடி பிடித்தேன். மாமனார் ஒரு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"ரெண்டும் ஒரே கம்பெனி சேஸிஸ்தானுங்களே அம்மிணி. எதுக்கு எந்த பாடி மாட்டுனா என்னுங்க?"

லாரிக்காரருக்கு அது நியாயம்தான். கம்பெனியிலிருந்து வருகிற சேஸிஸ் எல்லாம் ஒன்று, பாடிதான் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் என் பெட்டிக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஓடிப்போய்ப் பின்பக்கத்து வலையைக் கழற்றினேன். இடது ஓரத்தில் தடி வால்வு இல்லை. ஓட்டையை மூடிய தகடு பளபளவென்று இருந்தது. முழுக் கரண்டு கேட்கிற குழுப் பெட்டிக்கு நான் பாதிக் கரண்டைக் கொடுத்திருந்தேன். அப்படியானால் என்னுடையது மேட்டூருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, உருண்டைக் கால் பிளக்கோடும் செம்புக் கம்பியோடும். மேடையில் செருகி ஸ்விட்சைப் போட்டால் அத்தோடு சரி.

குழுத் தலைவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு போன் போட்டேன். வேன் கிளம்பிவிட்டது என்றார்கள். என் வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு பரமத்திக்குப் போயிருந்தார்.  அழுகையை அடக்கிக்கொண்டு மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எரிஞ்சு போச்சுன்னா வேற கெடைக்குமா?"

"அது மாதிரி கெடைக்கலாங்க மாமா. அது கெடைக்காதுங்க."

மாமனார் சாவியை எடுத்தார். முற்றத்தில் டீசலோடு நின்றது பாடி கட்ட வந்திருந்த ஒரு வெறும் சேஸிஸ்தான். எஞ்சின், ஸ்டியரிங், நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், உட்கார ஒரு பலகை. கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்னால் கண்ணாடி கிடையாது. அதை ஓட்டுகிற டிரைவர்கள் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவதை ரோட்டில் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பொம்பளை போய் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். மாமியார் ஓடிவந்து என் தலையில் ஒரு துண்டைக் கட்டிவிட்டார். டிரான்ஸ்ஃபார்மரை மடியில் வைத்துக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன். அந்த இரும்பு கனத்த கனத்தில் திருச்செங்கோடு வருவதற்குள் தொடை மரத்துவிட்டது. சங்ககிரியில் டீக்கடையே எழுந்து நின்று எங்களை வேடிக்கை பார்த்தது. எடப்பாடி தாண்டியதும் கண்ணெல்லாம் புழுதி. மாமனார் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

மேட்டூர் போய்ச் சேர்ந்தபோது மேடை தயாராக இருந்தது. என் பச்சைப் பெட்டி நடுவில் நின்றது. பிளக் சுவரில் செருகியிருந்தது, ஸ்விட்சும் போட்டிருந்தது. ஆனால் பெட்டியில் விளக்கு எரியவில்லை. எரிந்தே போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் பார்க்கிறேன், மேடையில் எந்த விளக்குமே எரியவில்லை. கரண்டு போய்விட்டதாம், எப்போது வரும் என்று எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் கரண்டு தருகிற மேட்டூரில் கரண்டு இல்லை! அந்தக் கரண்டு கட்டுக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன்.

எனக்கு முன்னால் மாமனார் மேடை ஏறிவிட்டார். முகத்தில் சுற்றிய துண்டோடு போய் பிளக்கைப் பிடுங்கினார். குழுவில் என் இடத்துக்கு வந்திருந்த கிட்டார்காரர் யாரய்யா நீ என்று பாய்ந்தார்.

மாமனார் துண்டை அவிழ்த்தார். "இது எங்க ஊட்டு மருமகளுதுங்க. அது வந்து சொல்ற வரைக்கும் யாரும் தொட வேண்டாம்."

டிரான்ஸ்ஃபார்மரை இடுப்பில் தாங்கிக்கொண்டு நான் மேடைப் படியிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பொட்டி எப்போது மருமகளுதாக ஆனது?

கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. நடுவில் டிரான்ஸ்ஃபார்மரை வைத்துச் செருகினேன், தடி வால்வு மெல்லச் சிவந்தது. அந்தக் கிட்டார்காரர் நல்ல மனுஷர், விஷயம் புரிந்ததும் தன் கிட்டாரையே கழற்றிக் கொடுத்து, நீங்களே பாருங்கள் என்றார். ஓங்கி ஒரு அடி அடித்தேன். அமுங்கியது, நிறைந்து மேலே வந்தது. எதுவும் ஆகவில்லை.

மேடைக்குக் கீழே நின்றிருந்த மாமனார் தலையை ஆட்டினார். "இதுதான் நம்முளுது. சாஞ்சு எந்திரிக்குது பாரு, லோடு வண்டி மேடேறறாப்புல. காத்தால நீ போட்டது எந்திரிக்கவே இல்லையே."

மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தேன். "உங்களுக்கு எப்படிங்க மாமா தெரியும்?"

"நல்லாருக்குதே சாமி! பொறவு எதுக்கு மூணு மணிக்கு எல்லாத்தையும் சுத்தியலக் கீழ வெக்கச் சொல்றேன்?" என்றவர், முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வந்தது வந்துட்டோம். நீ வாசி, கேட்டுட்டே போலாம்."

இரண்டு வருஷமாக அதை நான் டீ நேரம் என்று நினைத்திருந்தேன்.