வாசில்கா அடுப்பு மூட்டாத இரண்டு நாள்

வாசில்காவை எங்கள் ஊரில் போலந்துக்காரி என்பார்கள். அவள் பல்கேரியாக்காரி. அவளுக்கு முன்னால் இந்த மலைக்கு வேலைக்கு வந்த முதல் வெளிநாட்டுப் பெண் போலந்து. அதனால் பின்னால் வந்தவர்கள் எல்லோருமே போலந்து. முதல் வருஷம் அவள் திருத்திப் பார்த்தாள். "நான் பல்கேரியா" என்பாள். "அதான், அங்கதான்" என்பார்கள். அப்புறம் விட்டுவிட்டாள். நானும் இரண்டொரு தடவை அப்படிக் கூப்பிட்டவள்தான். அதை மறைத்துவிட்டு அவள் கதையைச் சொல்ல எனக்கு வாய் வராது.

தொண்ணூற்றாறில் வந்தாள். கீழே கடலோரச் சமவெளியில் ஸ்ட்ராபெர்ரி பறிக்க வந்த கூட்டத்தில் ஒருத்தி. முப்பத்தெட்டு வயது, அகலமான கை, ஒரே ஒரு பெட்டி. எங்கள் தெருக் கானியோ அவளை மேலே கூட்டிவந்தான், அவன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள. கானியோ ஜெர்மனியில் பதினெட்டு வருஷம் செங்கல் சுமந்துவிட்டுத் திரும்பியவன். கல்யாணம் இல்லை, முப்பது ஒலிவ மரம் உண்டு, பேச்சு குறைவு. அவன் அம்மா இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தாள். அவனுடைய தங்கை தொனாத்தா மேல்தெருவில், அப்பா கட்டிய வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கதவருகில் நின்று, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டுவிட்டுப் போவாள். மகள் செய்தது அவ்வளவுதான்.

வாசில்கா வந்த அன்று தொனாத்தா அவளை நிற்க வைத்து விசாரித்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"திருடுவியா?"

வாசில்கா தலையை மேலே தூக்கி நாக்கால் 'ட்ச்' என்றாள். எங்கள் ஊரிலும் இல்லை என்பதற்கு அப்படித்தான் செய்வோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாரு தொனாத்தா, இவ நம்ம ஊர்ல பொறந்தவ மாதிரியே இருக்கா" என்றேன்.

"நம்ம ஊர்ல பொறந்திருந்தா இந்த வேலைக்கு வருவாளா?" என்றாள் தொனாத்தா.

அது உண்மைதான். பெற்ற மகளே வரவில்லை.

மூன்று வருஷம் அந்தக் கிழவிக்குப் புண் வராமல் பார்த்துக்கொண்டாள். திருப்பிப் போடுவாள், துடைப்பாள், முடியைப் பின்னிவிடுவாள். எங்கள் பேச்சை அந்தக் கிழவியிடம்தான் கற்றாள். அதனால் இளவட்டங்களுக்குக்கூடத் தெரியாத பழைய வசவெல்லாம் அவளுக்குத் தெரியும். கிழவி போன மறு வருஷம் கானியோ அவளை ஊராட்சி மன்றத்தில் பதிவு செய்து கல்யாணம் செய்துகொண்டான். அவள் பக்கச் சாட்சியாக நிற்க ஆள் கிடைக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து கேட்டாள், போய் நின்றேன். சாட்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று குமாஸ்தா எழுதிக்கொண்டு, அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தும் காட்டினார். கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவளைப் பெண் 'கும்மா' என்றுதான் அழைக்கவேண்டும். எங்களுக்கு அது ரத்த உறவுக்கு ஒரு படி மேல். அன்றிலிருந்து நான் அவளுக்குக் கும்மா.

தொனாத்தா கல்யாணத்துக்கு வரவில்லை. ரொட்டிக் கடையில் நின்றுகொண்டு, "எங்கம்மாவ நல்லா தொடச்சா. இப்ப வீட்டையும் சேத்துத் தொடச்சுட்டா" என்றாள். கடையே சிரித்தது.

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில், அடக்கம் முடிந்து மூன்று நாள் அடுப்பு எரியக்கூடாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுபோவோம். துக்கக்காரியை எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுக்க விடமாட்டோம். சவத்தின் தலைமாட்டு நாற்காலி அவளுக்கு. சாப்பிடமாட்டேன் என்பாள், வாயில் ஊட்டுவோம். வாசில்கா இதைக் கிழவியின் சாவிலேயே பார்த்துக் கற்றுக்கொண்டாள். அதற்கப்புறம் இருபது வருஷமாக எந்த வீட்டில் சாவு என்றாலும், முறை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அவள் பாத்திரம் வந்துவிடும். கையால் இழுத்த பாஸ்தா, ஆட்டுக்கறி, மேலே எண்ணெயில் பொரித்த காய்ந்த சிவப்பு மிளகாய். வாங்கிக்கொள்வார்கள். அவள் போனதும் சில வீடுகளில் கோழிக்குக் கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அவளும் பார்த்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

என் புருஷன் ஜெரார்தோ போனபோது நான் இரண்டு நாள் சாப்பிட வாயைத் திறக்கவில்லை. மருமகள் கெஞ்சினாள், பாதிரியார் சொல்லிப் பார்த்தார். வாசில்கா கோழிச் சாறு கொண்டுவந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். அவள் கை நடுங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் வாயைத் திறந்தேன்.

கானியோ ஒரு பிப்ரவரியில் பொத்தென்சா நகரத்து ஆஸ்பத்திரியில் போனான். நுரையீரல். பதினோரு நாள் அவள்தான் பக்கத்தில் நாற்காலியில் தூங்கினாள். சவ வண்டிக்காரனிடம் தொனாத்தா ஊரிலிருந்தே போனில் சொல்லிவிட்டாள்: "அண்ணன் எங்கப்பா வீட்ல இருந்துதான் போகணும். மேல்தெருவுக்குக் கொண்டுவா." வண்டியின் முன் இருக்கையில் தொனாத்தாவின் மகன் உட்கார்ந்துகொண்டான். வாசில்கா பஸ்ஸில் வந்தாள்.

அவள் உள்ளே வந்தபோது தலைமாட்டு நாற்காலியில் தொனாத்தா இருந்தாள். சுவரோரம் நாங்கள் பதினைந்து பெண்கள். வாசில்கா மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அந்த நாற்காலியைப் பார்த்தாள். தொனாத்தா எழுந்திருக்கவில்லை.

"வாசில்கா, நீ வந்தது நல்லதாப் போச்சு" என்றாள். "இவங்கல்லாம் விடியக்காலைல இருந்து இருக்காங்க. ஒரு காபி போட்டுக் குடு. கப்பு மேல் அலமாரியில இருக்கு."

வாசில்கா என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் இல்லை, என்னைத்தான். சாட்சிக்கு நின்றவள் நான். 'தொனாத்தா, எழுந்திரு, அது அவ நாற்காலி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கோட்டைக் கழற்றி, கையை மடித்துவிட்டுக்கொண்டு, அடுக்களைக்குப் போனாள். புருஷன் கூடத்தில் கிடக்க, துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி போட்டுத் தட்டில் வைத்து ஒவ்வொருத்தியிடமும் நீட்டினாள். நானும் எடுத்துக்கொண்டேன். நான் சொல்லாமலே இரண்டு கரண்டி சர்க்கரை போட்டிருந்தாள். குடித்தேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது தொனாத்தா முறை சொல்ல ஆரம்பித்தாள். "நாளைக்கு மத்தியானம் மிக்கெலினா, நீ. ராத்திரிக்கு ரொட்டிக் கடைக்காரி."

"எந்த வீட்டுக்கு?" என்று கேட்டேன்.

"எந்த வீட்டுக்குன்னா? சவம் எந்த வீட்ல இருந்து கெளம்புச்சு?"

"அவளுக்கும் ஒரு கிண்ணம் குடுத்துட்டு..."

"மிக்கெலி, அவ கூலிக்கு சமைச்சவ. பட்டினி கெடக்கமாட்டா. நீ எங்கண்ணனுக்குச் செய்ய வந்தியா, அவளுக்கா?"

கூட வந்தவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள். ஊர்ப் பாத்திரமெல்லாம் மேலே போகும்போது என் பாத்திரம் மட்டும் கீழே போவதை எல்லா ஜன்னலும் பார்க்குமே என்று எனக்கு இருந்தது. எழுபத்தேழு வயதில் அதற்குப் பயந்தேன்.

மறுநாள் மேல்தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் வாசில்காவின் புகைபோக்கியில் புகை இல்லை. என் அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே அது. பிப்ரவரியில் எங்கள் மலையில் அடுப்பு இல்லாமல் ஒரு மத்தியானம் இருக்க முடியாது. அவள் இருந்தாள். துக்கக்காரி நெருப்பு மூட்டக்கூடாது, ஊர் வரும் என்று உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். மழை பிடித்தது, படி வழுக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாளும் புகை இல்லை. அன்றைக்கு மழையும் இல்லை.

"அத்தை, கதவைத் தட்டிப் பாக்கலாமா?" என்றாள் மருமகள்.

"வேற யாராவது போயிருப்பாங்க" என்றேன். யாரும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஜன்னலை விட்டு நான் நகரவே இல்லையே.

மூன்றாம் நாள் காலை எழுந்து கோழியை அறுத்தேன். சாறு வைத்து, பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு படியிறங்கினேன். பார்த்தால் அவள் கூரைமேல் புகை. யாரோ போய் மூட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கதவு திறந்திருந்தது. வாசில்கா தனியாக அடுப்படியில் நின்று மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"வாங்க சிஞ்ஞோரா மிக்கெலினா, உக்காருங்க" என்றாள். கும்மா என்று சொல்லவில்லை, அந்நியரைக் கூப்பிடும் சிஞ்ஞோராதான். கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். "யார் வீட்டுக்கு இது?"

"உனக்குத்தான்டீ."

"எனக்கெதுக்கு? சாவு விழுந்த வீடு மேல்தெருவுல இருக்கு. இங்க அடுப்பு எரியுது, பாருங்க."

"வாசில்கா, தப்புதான். ரெண்டு நாளும் நான்..."

"ரெண்டு நாள் நானும் பாத்தேன். உங்க ஜன்னலும் எனக்கு எதிர்லதான் இருக்கு. இன்னிக்குக் காலைல பசிச்சுது. மூட்டிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், சரியாகிப் போயிருக்கும். அவள் ஒரு தட்டில் ரொட்டியும் மிளகாயும் வைத்து என் முன்னால் நகர்த்தினாள். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து நிதானமாகத் தன் தட்டைக் காலி செய்தாள். அப்புறம் என் பாத்திரத்தின் துணி முடிச்சை இறுக்கிக் கட்டி, கையில் கொடுத்து, "சீக்கிரம் கொண்டுபோங்க, ஆறிடும்" என்று கதவுவரை வந்தாள்.

நிறைந்த பாத்திரத்தோடு தெருவில் நின்றேன். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் எல்லா ஜன்னலுக்கும் தெரியும். கால் மேல்தெருவுக்குத்தான் போயிற்று. தொனாத்தா கதவைத் திறந்து, "இன்னிக்கு உன் முறை இல்லையே, மிக்கெலி" என்றாள். வாங்கிக்கொண்டாள். அங்கேயே மூடியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்து, "உப்பு கம்மி" என்றாள்.

வாசில்கா போய்விடுவாள் என்று ஊரில் நினைத்தார்கள். போகவில்லை. அந்த வீட்டில்தான் இருக்கிறாள், அந்த முப்பது மரத்தையும் தானே கவாத்து செய்கிறாள். பார்த்தால் வணக்கம் சொல்வாள். நான் ஏதாவது கொண்டுபோனால் "இப்பதான் சாப்பிட்டேன்" என்பாள். நான் விடாமல் கொண்டுபோகிறேன். அவளும் விடாமல் அதையே சொல்கிறாள்.

இந்த ஐந்து வருஷத்தில் எங்கள் பக்கம் நான்கு சாவு. அவள் எந்த வீட்டுக்கும் பாத்திரம் தூக்கவில்லை. ரொட்டிக் கடையில் தொனாத்தா சொல்கிறாள்: "பாத்தீங்களா, இத்தன வருஷம் இருந்தும் நம்ம வழக்கம் அவளுக்குப் புரியல. என்ன இருந்தாலும் வெளிநாட்டுக்காரிதான." மற்றவர்கள் ஆமாம் என்கிறார்கள். நான் இருந்தால் ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். இதுவரைக்கும் அதற்குமேல் எதுவும் செய்ததில்லை.