மொட்டைமாடி அறையின் முகவரி

ஒக்புன் வாயைத் திறந்தால் தெருநாய்கூட எழுந்து தள்ளிப் போய்ப் படுக்கும். கொரியாவில் சொங்ஜூ நகரத்தில், பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டிய சந்தில், அந்த வாயை இத்தனை வருஷமாக ஜனங்கள் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் அவள் சமையலறை. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் ஒரு சட்டி கஞ்சி போய்விடும். "இதக் குடிச்சிட்டு எழுந்திரிக்கிறியா, இல்ல சாகலாம்னு இருக்கியா?" என்று கேட்டபடி வைத்துவிட்டு வருவாள். கஞ்சி வேண்டுமென்றால் வசவையும் சேர்த்துத்தான் விழுங்க வேண்டும்.

அவளுக்கென்று சொந்தமாக ஒரு வீடு இருந்தது. கீழே இரண்டு அறை, ஒரு சமையலறை. மேலே பச்சைப் பெயிண்ட் அடித்த மொட்டைமாடி. அதன் ஒரு மூலையில், புருஷன் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவனும் அவளுமாக ஒரு கோடையில் பலகையும் தகரமும் வைத்து எழுப்பிய ஓர் அறை. அனுமதி வாங்கவில்லை. அந்தச் சந்தில் யார்தான் வாங்கினார்கள்? புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த அறைதான் அவளுக்குச் சோறு போட்டது.

குடிவருகிறவர்களிடம் ஒரே ஒரு நிபந்தனை போடுவாள். "இந்த முகவரிய எந்த ஆபீஸ்லயும் பதியக் கூடாது. சம்மதம்னா மூட்டைய மேல ஏத்து." வந்ததெல்லாம் உள்நாட்டுப் பிள்ளைகள். அவர்கள் பெயர் அப்பா அம்மா வீட்டு முகவரியில் பத்திரமாக இருந்தது. தலையாட்டிவிட்டு மாடியேறினார்கள். பிரச்சினை வந்ததே இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் நோமின் வந்தாள். மங்கோலியாவில் தார்ஹான் நகரத்துப் பெண். ஊரிலேயே கொரிய மொழி கற்றுக்கொண்டு, உணவு அறிவியல் படிக்க வந்தவள். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. நிபந்தனையைச் சொன்னதும் அவளும் தலையாட்டினாள், பாதிதான் புரிந்தது. ஒக்புனுக்கு அந்தப் பாதியும் உறைக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு இந்த நாட்டில் வேறு எந்த வீட்டு முகவரி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், அன்றைக்கே கதவைச் சாத்தியிருப்பாள்.

இரண்டாவது வாரமே நோமின் ஒரு தாளோடு இறங்கி வந்தாள். வெளிநாட்டு மாணவர்கள் வந்து மூன்று மாதத்துக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிந்து அட்டை வாங்கியாக வேண்டும். அட்டை இல்லாவிட்டால் சொந்தப் பெயரில் போன் நம்பர் கிடையாது. நம்பர் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு கிடையாது. கணக்கு இல்லாவிட்டால் உதவித்தொகை வந்து சேராது. தவணை தாண்டினால் விசாவுக்கே ஆபத்து. இத்தனைக்கும் அடியில் கிடந்தது இந்த ஒரு தாள்தான். 'இந்தப் பெண் என் வீட்டில் தங்கியிருக்கிறாள்' என்று வீட்டுக்காரி, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுக்க வேண்டும்.

"குத்திட்டாப் போச்சு," என்றாள் ஒக்புன். "முத்திரைய எங்க வச்சேன்னுதான் தெரியல."

அடுத்த வாரம் முத்திரை கிடைத்தது, மூக்குக்கண்ணாடி தொலைந்தது. அதற்கடுத்த வாரம் ஒக்புனின் அடையாள அட்டை உல்சானில் இருக்கும் மகனிடம் மாட்டிக்கொண்டது. அறுவடைப் பண்டிகை வந்தது, போனது. தாளைத் தவிர மற்றதெல்லாம் தாராளமாகக் கொடுத்தாள். குளிர் தொடங்கியதும் சந்தைக்குப் போய் அந்தப் பெண்ணுக்குக் கம்பளி உள்ளாடை வாங்கி வந்தாள். சோயாக் குழம்பு கொதித்தால் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். நோமின் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். கழுவி முடித்துக் கையைத் துடைத்தபடி, "பெரியம்மா, அந்தத் தாள்..." என்பாள். உடனே ஒக்புனுக்கு அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்துவிடும்.

நவம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்தே போன் வந்தது. வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் பியோ என்ற இளைஞன்.

"அம்மா, இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு. நோமின் தினமும் வந்து என் மேசை முன்னாடி நிக்கிது. ஒரே ஒரு முத்திரை."

"ஒரே ஒரு முத்திரையா? உனக்கென்னப்பா, நீ மேசைல உக்காந்து சொல்லுவே. நாளைக்கு நகராட்சிக்காரன் வந்து என் கூரைய இடிச்சா நீயா வந்து முட்டுக் கொடுப்பே?"

பியோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஊர்ப்பிள்ளைதானே. பிறகு மெதுவாகச் சொன்னான். "அப்ப அந்தப் பொண்ணுகிட்ட நேராவாவது சொல்லிடுங்கம்மா. இன்னிக்கு நாளைக்குன்னு நம்பிட்டிருக்கு. பருவம் பாதியில வேற ரூம் கிடைக்கிறது கஷ்டம். தேடவாவது நேரம் வேணுமில்ல?"

ஒக்புன் போனை வைத்துவிட்டு அவனைத் திட்டினாள். சரியானதைச் சொல்லிவிட்டானே என்ற எரிச்சல்.

அந்தச் சனிக்கிழமை குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். உப்பில் ஊறிய கோஸ் முற்றத்தில் மலையாகக் கிடந்தது. ஒக்புன், எதிர்வீட்டு பொக்ஜா, நோமின் மூவரும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இலைக்கும் மிளகாய் விழுது தடவிக்கொண்டிருந்தார்கள்.

"முத்திரை குத்திக் கொடுத்துத் தொலையேன்டி," என்றாள் பொக்ஜா. "உன் மாடி ரூம் ரகசியம் இந்தச் சந்துக்கே தெரியும்."

"சந்துக்குத் தெரியும், நகராட்சிக்குத் தெரியாது. போன வருஷம் ரெண்டு வீடு தள்ளி இருக்கானே, அவன் என்ன ஆனான்? அபராதம் கட்டிட்டு ரூமையும் இடிச்சான். நீ வாய மூடிட்டு பூண்டை நசுக்கு."

பொக்ஜா கூடையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று ஒக்புனுக்குத் தோன்றியது. தலையை நிமிர்த்தாமல், கையிலிருந்த கோஸிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இந்தா பாரு பொண்ணே. முத்திரை தொலையல, ஒண்ணும் தொலையல. சட்டப்படி மேல ரூமே கிடையாது. நகராட்சிக் கணக்குல அது வெறும் மொட்டைமாடி. அதுல ஒருத்தி குடியிருக்கான்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. நீ வேற ரூம் பாத்துக்கோ. முன்பணத்த முழுசாத் திருப்பித் தந்துடறேன்."

நோமின் கை நின்றது. அழவில்லை. கோபமும் படவில்லை. கணக்கில் ஏதோ இடித்ததைப்போல நெற்றியைச் சுருக்கினாள்.

"அங்க ரூமே இல்லன்னா, இத்தன நாளா நான் எங்க இருந்தேன் பெரியம்மா?"

நக்கலாகக் கேட்டிருந்தால் ஒக்புன் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அந்தப் பெண் உண்மையாகவே கேட்டாள். அவள் வாய் அடைத்துப்போனதைச் சந்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. குழாயடியில் நின்ற பொக்ஜாகூடத் திரும்பிப் பார்த்தாள்.

ஒக்புன் பதினேழு வயதில் நெசவாலை வேலைக்காக தேகு நகரத்துக்குப் போனவள். ஒரு மேட்டுக் குடியிருப்பில், நாலு பெண்கள் ஒருக்களித்துப் படுத்தால் நிறைந்துவிடும் அறையில் எட்டு வருஷம் இருந்தாள். வீட்டுக்காரன் முதல் நாளே சொல்லிவிட்டான், முகவரியைப் பதியக் கூடாது என்று. பெயர் ஊரில் இருக்க, உடம்பு மட்டும் அங்கே இருந்தது. பிறகு அந்த மேட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாக அறிவித்தார்கள். குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு கொடுத்தார்கள். கையில் துணி மூட்டையோடு ஒக்புனும் வரிசையில் போய் நின்றாள். அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்தான். "நீ இங்க குடியிருந்ததாவே இல்லியேம்மா," என்றான். எட்டுக் குளிர்காலம் கரி அடுப்பு மூட்டித் தூங்கிய அறை அவன் முதுகுக்குப் பின்னால் தெரிந்தது. அவள் விரலை நீட்டிக் காட்டினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வைராக்கியமாகச் சொன்னாள், எனக்கென்று ஒரு கூரை கட்டாமல் விடமாட்டேன் என்று. கட்டினாள். கட்டிய கையோடு மேலே இன்னொன்றும் கட்டி, அந்த வீட்டுக்காரன் சொன்ன அதே நிபந்தனையைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அது அவளுக்கு உறைக்கவில்லை. இப்போது உறைத்தபோது, மிளகாய் விழுது கண்ணில் பட்டதுபோல எரிந்தது.

"கோஸ் வாடுது, தடவு," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் கீழே பெரும் சத்தம். நோமின் இறங்கி வந்து பார்த்தாள். இரண்டாவது அறையிலிருந்து ஒக்புன் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கிம்ச்சிக் குளிர்பெட்டி, குளிர்காலப் போர்வைகள், மூதாதையர் படையலுக்கான மேசை, காய்ந்த மிளகாய் மூட்டை. மகன் குவாங்ஹோ பண்டிகைக்கு வந்தால் படுக்கும் அறை அது. வந்தாலும் சாப்பிட்ட கையோடு உல்சானுக்குக் கிளம்பிவிடுவான், அது வேறு விஷயம்.

"என்ன பாக்கிறே? புடி அந்த முனைய. இது சட்டப்படி ரூம். தாள்ல இருக்கு, சுவர்ல இருக்கு, எல்லாத்துலயும் இருக்கு. நீ இங்க வந்துடு. மிளகாய் மேல போகட்டும். மிளகாய்க்கு அட்டை கேக்க மாட்டானுங்க."

"வாடகை..."

"மேல குடுத்ததையே குடு. ஆனா காலைல குளியலறை மொதல்ல எனக்கு. முடிய வடிகால்ல விட்டே, தொலைச்சுப்புடுவேன்."

அன்று மாலை மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "யாரு என்னன்னு தெரியாத பொண்ண வீட்டுக்குள்ள வைக்கிறியேம்மா," என்று அவன் இழுத்தான். "தெரியும். நல்லாக் கோஸ் தடவுது. நீ கடைசியா எப்ப வந்து தடவுனே?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

நோமின் மூட்டைகளோடு இறங்கி வந்த பிறகுதான் முத்திரை குத்தினாள். ஒரு முறை குத்தி, மை மங்கலாக இருக்கிறதென்று வேறு தாள் கொண்டுவரச் சொல்லி, மறுபடியும் அழுத்திக் குத்தினாள். குடிவரவு அலுவலகத்துக்கும் கூடவே போனாள். அவள் வர வேண்டிய அவசியமே இல்லை என்று பியோ எவ்வளவோ சொன்னான். வரிசையில் காத்திருந்த வேறு நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பையிலிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு எடுத்துக் கொடுத்தாள். ஜன்னலுக்குள் இருந்த அதிகாரி நோமினின் விரல் ரேகையை வாங்கும்போது, "மெதுவா அழுத்துங்க, குழந்தை விரலு," என்றாள் ஒக்புன். அதிகாரி சிரித்துவிட்டான்.

டிசம்பர் நடுவில், பனி கொட்டிய ஒரு காலையில் தபால்காரன் வந்தான். பத்து வருஷமாக அந்தச் சந்துக்கு வருகிறவன். கையிலிருந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நோமின்னு போட்டிருக்கு. அடுத்த சந்தா இருக்கும்போல. இங்க நீங்க ஒருத்தர்தானே அக்கா?"

"எவன் சொன்னான்? ரெண்டு பேர் இருக்கோம்." ஒக்புன் உள்ளே திரும்பிக் கத்தினாள். "அடியே, வெளிய வா! உன் பேரச் சொல்லிக் கேக்கறாங்க!"

நோமின் ஈரத் தலையோடு ஓடி வந்து கையெழுத்துப் போட்டாள். உறையைப் பிரித்து அட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு அதைத் திருப்பி, பின்பக்கத்தை ஒக்புனிடம் காட்டினாள்.

"கண்ணாடி உள்ள இருக்கு. நீ படி," என்றாள் ஒக்புன். இந்தத் தடவை கண்ணாடி நிஜமாகவே உள்ளே இருந்தது.

நோமின் மாவட்டம், நகரம், சந்து, வீட்டு எண் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். தபால்காரன் அடுத்த வீட்டுக்குப் போகாமல் நின்று கேட்டான்.

ஒக்புன் கழுத்துத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியாக் காதுல விழல," என்றாள். "இன்னொரு தடவ படி."