பின் சீட்டிலிருந்து தெரிந்தது

ஊருக்கு வெளியே காட்டுப் பாதையில் சும்மா பைக்கில் சுற்றி வர வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. போன ஞாயிறுதான் கிளம்பினோம். நாரணாபுரம் தாண்டி, எனக்குத் தெரிந்த குறுக்குவழி என்று திரும்பினேன். வழியெல்லாம் பட்டாசுக் கம்பெனிகள்; ஞாயிறு என்பதால் லீவு. வழி கேட்க ஆளில்லை. ஒரே கம்பெனியின் பூட்டிய கேட் மூன்றாம் முறை வந்ததும் வண்டியைத் திட்டினேன்.

"வண்டி என்ன செய்யும்? எறங்குங்க, நான் ஓட்டுறேன். கல்யாணத்துக்கு முந்தி இந்த வழியாத்தான வேலைக்கு வந்தேன்."

"முதல்லயே சொன்னா என்ன?"

"எங்க பேச விட்டீக?"

அவளுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. எரிச்சலோடு பின்னால் உட்கார்ந்தேன். காட்டையாவது பார்க்கலாம் என்று நிமிர்ந்தால், எதிரே அவள் முதுகுதான் தெரிந்தது. கடைக்கும் கல்யாண வீட்டுக்கும் போகையில் இத்தனை வருஷமாக அவள் பார்த்துவந்தது என் முதுகை. அது இதைவிட இரண்டு பங்கு அகலம்.