மெதுவா மிதிச்சா உள்ளே போகும் பிரேக்

பிரேக் வேலை பாக்கறவன்கிட்ட யாரும் சந்தோஷமா வந்ததா சரித்திரமே இல்ல. வண்டியில பாட்டு கேக்கலன்னா சிரிச்சுக்கிட்டே வருவாங்க, ஏசி போடணும்னா சிரிச்சுக்கிட்டே வருவாங்க. நம்மகிட்ட வர்றவன் மூஞ்சியில ரத்தம் இருக்காது. இதே தொழில்ல இருக்கற அண்ணன் தம்பிங்க எல்லாரும் இதை அனுபவிச்சிருப்பீங்க. முதலியார்பேட்டையில நான் பட்டறை போட்டிருந்தப்ப, ரெண்டாயிரத்து அஞ்சு ஆறு வாக்குல, ஒரு பிக்கப் வண்டி என்னைப் படுத்தின பாட்டைச் சொல்றேன்.

எலுமிச்சம்பழம்

கலியமூர்த்தி தேங்காய்த்திட்டு துறைமுகத்துல ஏலம் எடுக்கற மீனை மார்க்கெட்டுக்கு ஏத்திட்டுப் போறவன். அன்னைக்கு வந்தப்ப வண்டியில எலுமிச்சம்பழம், மிளகா, கருப்புக் கயிறு எல்லாம் ஒரு கடைக்கு வேண்டிய அளவுக்குத் தொங்குது. பக்கத்து சீட்டுல அவன் பொண்டாட்டி செல்வி. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு உண்டாகியிருக்கற பொண்ணு. அவளை இந்த வண்டியிலதான் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான்.

பிரேக் பெடல் தானா கீழ இறங்குதுன்னான். நான் பாத்த வரைக்கும் பிரேக் எண்ணெய் அளவு குறையல, எங்கயும் ஒழுகல. வண்டியை விட்டுட்டுப் போடான்னேன். விடியக்காலம் ஏலம் இருக்கு, முடியாதுன்னான். கோளாறு எப்பல்லாம் வருதுன்னு கேட்டேன். செல்வியை ஒரு பார்வை பாத்துட்டு குரலைத் தாழ்த்திக்கிட்டான். ஆனா அவளுக்குக் கேட்டுச்சு, தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"மீன் ஏத்திட்டுப் போறப்ப கல்லு மாதிரி நிக்குதுண்ணே. இவ ஏறினாதான் பெடல் உள்ள போவுது. வயித்துல இருக்கற புள்ளையோட நேரம் சரியில்லன்றாங்க எங்க அம்மா."

கோரிமேட்டு வாசல்

அன்னைக்கு வண்டியை விடாமலே ஓட்டிட்டுப் போயிட்டான் கலியமூர்த்தி. அடுத்த வாரம் அவன் செல்போன்ல இருந்து மிஸ்டு கால் மேல மிஸ்டு கால். எரிச்சலோட திருப்பிப் போட்டா, பேசறது செல்வி. ஆஸ்பத்திரி வாசல்ல பஸ்ஸை விட்டு ஜனங்க இறங்கியிருக்காங்க. அதைப் பாத்து இவன் பிரேக்கை மிதிச்சிருக்கான். பெடல் பாட்டுக்கு தரையோட போயிடுச்சு. ஹேண்ட் பிரேக்கை ரெண்டு கையாலயும் இழுத்து நிறுத்தியிருக்கான்.

நான் ஓடிப் போய்ப் பாத்தேன். பிளாட்பாரத்து ஓரம் எக்ஸ்ரே கவரை மடியில வெச்சுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. வண்டி மூக்குக்கும் அவங்க முழங்காலுக்கும் நடுவுல என் கை நுழையற இடம்தான். கலியமூர்த்தி ஸ்டியரிங் மேல தலையைக் கவுத்துக்கிட்டுக் கிடக்கான். அவனைத் திட்டணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, செல்வியைப் பாத்ததும் திட்ட முடியல.

"அந்த அம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட பரவால்லண்ணே. வாயே தொறக்காம என் வயித்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

ரெண்டு மிதி

வண்டியைப் பட்டறைக்கு இழுத்துட்டு வந்தேன். என் பட்டறையில ஒரு வழக்கம் உண்டு. பெடலை நான் மிதிக்க மாட்டேன், ஓட்டறவனையே உக்கார வெச்சு மிதிக்கச் சொல்லுவேன். அவன் கால் எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சாதான் பாதிக் கோளாறு தெரியும். இன்ஜினை ஓடவிட்டு, "மீன் ஏத்தியிருக்க, மிதி"ன்னேன். ஓங்கி ஒரு மிதி. அசையல. "இப்ப செல்வி பக்கத்துல இருக்கா, மிதி"ன்னேன். முட்டை மேல கால் வெக்கற மாதிரி மெதுவா அமுக்கிப் புடிச்சான். பெடல் அவன் காலோட சேந்து இறங்கி இறங்கி தரையைத் தொட்டுடுச்சு.

சக்கரத்துக்கு எண்ணெய் போற டியூப் அத்தனையையும் கிளாம்ப் போட்டு அடைச்சுப் பாத்தேன். அப்பவும் இறங்குது. அப்ப சந்தேகமே இல்ல, பெடலை மிதிச்சா எண்ணெயைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் உள்ள இருக்கற ரப்பர் போயிடுச்சு. ஓங்கி மிதிச்சா ரப்பர் விரிஞ்சு சிலிண்டர் சுவரோட ஒட்டிக்கும், பிரேக் புடிக்கும். மெதுவா மிதிச்சா ஒட்டாது, எண்ணெய் உள்ளுக்குள்ளயே பின்னால நழுவிடும். அதனாலதான் வெளிய சொட்டுக்கூட வரல. புள்ளத்தாச்சி குலுங்கக் கூடாதுன்னு அவன் பதமா மிதிச்சப்பல்லாம் அது நழுவியிருக்கு. இதைச் சொன்னதும் அவன் கண்ணு கலங்கிடுச்சு.

"அப்ப நான் பாத்துப் பாத்து ஓட்டினதாலதான் அது உள்ள போச்சாண்ணே?"

ரஹீம் பாய்

ரஹீம் பாய் என் பட்டறையில கூட்டாளி. சிலிண்டரைக் கழட்டி அவர் கையில குடுத்தேன். துணியை விட்டுத் துடைச்சார், துணி கருப்பா வந்துச்சு. வெளிச்சத்துல புடிச்சா உள்சுவர் பூரா அரிப்பு, கீறல்.

கலியமூர்த்தி அவசரப்படறான். ரப்பரை மட்டும் மாத்திக் குடுங்க, சாயங்காலம் ஐஸ் ஏத்தணும்னு நச்சரிக்கிறான். அரிச்ச சுவருல புது ரப்பர் எத்தனை நாளைக்குத் தாங்கும்? எனக்குச் சுர்ருனு ஏறுச்சு. நான் கத்தறதுக்குள்ள பாய் முந்திக்கிட்டார். அவர் சத்தம் போடவே மாட்டார்.

"தம்பி, இதுல ரப்பர் மட்டும் போட்டா நீ மறுபடி இங்க வரமாட்ட. உன்னைத் தூக்கிட்டு வேற எங்கயாவது போவாங்க."

செல்வியின் கால்

புது சிலிண்டர் போட்டு, புது எண்ணெய் ஊத்தி, "மிதி, புடி, உடு"ன்னு நாலு சக்கரத்து டியூப்லயும் எண்ணெயோட சேந்த காத்தை வெளியேத்தி முடிச்சோம். கலியமூர்த்தி சோதிச்சுப் பாக்க ஏறப் போனான். நான் தடுத்தேன். பட்டறை ஓரமா உக்காந்திருந்த செல்வியைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டுல உக்காரச் சொன்னேன். அவ பயந்துட்டா. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுண்ணேன்னா. ஓட்ட வேணாம்மா, உனக்கு எவ்வளவு மெதுவா வருமோ அவ்வளவு மெதுவா அமுக்கிப் புடின்னேன்.

வயித்துல ஒரு கையை வெச்சுக்கிட்டு அமுக்கினா. இன்ஜின் ஓடுது. நானும் பாயும் குனிஞ்சு அவ காலையே பாக்கறோம். ஒரு இம்மிகூட இறங்கல. போதும்மா எடுத்துடுன்னு சொல்லியும் அவ காலை எடுக்கல. கண்ணுல தண்ணி ஓடுது, நேரா புருஷனைப் பாக்கறா.

"நான்தான் ஏறியிருக்கேன், என் புள்ளையும்தான் ஏறியிருக்கு. உள்ள போவுதான்னு பாருய்யா. பாத்துட்டு, போய் உங்க அம்மாகிட்ட சொல்லு."

அவங்களுக்குப் பொண்ணு பொறந்து, அதுவும் அந்த வண்டி ஜன்னல்ல எட்டிப் பாத்துக்கிட்டுப் போச்சு, ஆனா கலியமூர்த்தியோட அம்மா மட்டும் பிரேக் போட்டா வண்டி நிக்கறது எலுமிச்சம்பழத்தாலதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாங்களாம். சொல்லிட்டுப் போகட்டும், வண்டி நின்னுச்சே!