டம்ளரில் ஊற்றியது

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் கள்ளக்குறிச்சியில் ஓவியம் கற்கத் துணிந்தேன். நேற்று வீட்டில் டர்பன்டைன் பாட்டிலைத் திறந்ததும், அந்த நெடி என்னை ஏழு வயதுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அப்போது தியாகதுருகத்தில் இருந்தோம். அப்பா கதவு, ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். சாயங்காலம் வாசலில் குந்தி, பிரஷ்களை டர்பன்டைனில் அலசி லுங்கியில் துடைப்பார். அவர் இல்லாத ஒரு மதியம், படம் வரையும் ஆசையில் நீல பெயின்ட் டப்பாவைத் திறந்து, டர்பன்டைனைத் தண்ணீர் டம்ளரில் ஊற்றினேன். பேப்பர் தேடி உள்ளே போனேன். மூன்று வயதுத் தங்கை செல்வி தண்ணீரென்று எடுத்துக் குடித்துவிட்டாள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

"நான்தான் மறந்தாப்ல டம்ளர்ல வச்சிட்டேன்" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அதன்பிறகு பிரஷ்ஷைத் தொடவே இல்லை. கரும்பு வெட்டப் போனார். அவர் சாகும்வரை நான் வாய் திறக்கவில்லை.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எண்பதைத் தாண்டிய அம்மா அதிரவில்லை.

"தெரியும். அன்னிக்கு உன் வெரலெல்லாம் நீல பெயின்ட். நான்தான் கழுவி வுட்டேன்."

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

"ஒரு பொண்ணு போயிட்டா. இருக்கிற பொண்ணையாவது அவரு வெறுக்காம இருக்கணும்னுதான்."

அவர் தன்னைத்தானே வெறுத்து வாழ்ந்ததைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.