அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி

கேமரன் மலைக்குப் பெரும்பாலும் குளிருக்காகவும் ஸ்ட்ராபெரிக்காகவும் போவார்கள். நான் போனது கல்லறைக்கு. நவம்பர் இரண்டு, கத்தோலிக்கர்களான எங்களுக்குக் கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிப்போம். எங்கள் அம்மாவை அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் அடக்கம் செய்திருக்கிறோம். வருடாவருடம் ஸ்டெல்லா அக்காதான் தனியாகப் போய்ச் செய்வாள். சென்ற ஆண்டு அவளுக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றி, இனி மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் போனேன். இல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன்.

ஈப்போவிலிருந்து காலை எட்டு மணி பஸ். தொண்ணூறு கிலோமீட்டர், கட்டணம் இருபத்திரண்டு வெள்ளி. இரண்டு மணி நேரம் என்பார்கள், நம்பாதீர்கள். கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் நாற்பது நிமிடம் நின்றோம். தானா ராத்தாவில் இறங்கியதும் மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்பும் டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். விவரமான பயணி என்று எனக்கு ஒரு நினைப்பு.

தோட்டத்துக்கு டெக்சி முப்பது வெள்ளி. "அண்ணே, தேயிலைல போட்டோ எடுக்கவா? நல்ல இடம் காட்றேன் லா," என்றார் டிரைவர். அக்காவைப் பார்க்க வந்ததாகச் சொல்லி, இரண்டரைக்கு வரச் சொன்னேன். "அவ்ளோ சீக்கிரமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் வாளி, பிரஷ் சகிதம் தயாராக நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். கல்லறை நானூறு மீட்டர் தூரம்தான், தேயிலைக்கு நடுவே ஏற்றம். அவளுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது.

நான் புல் பிடுங்கினேன், அவள் தேய்த்துக் கழுவினாள். அம்மாவுக்கு ஆறு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஏழாவதைக் கல்லறைக்கு இடதுபுறம், வெறும் புல்தரையில் ஊன்றிப் பற்றவைத்தாள்.

"இங்க யாருக்கா?"

"நான்தான். ஃபாதர்கிட்ட எடம் கேட்டு வச்சிட்டேன். நீ கேளு தம்பி, என் அடக்கத்துல நீ பைபிள்ல என்ன வாசகம் வாசிக்கணும்னா..."

இரண்டு விரலால் திரியைக் கசக்கி அணைத்தேன். மெழுகுவர்த்தியைப் பிடுங்கி என் குளிர்சட்டைப் பைக்குள் போட்டேன். "சும்மா இருக்கா. கிறிஸ்மஸுக்கு வர்றேன், அப்ப பேசிக்கலாம்."

அவள் கோபப்படவில்லை. சிரித்தாள். "அணைச்சிட்டா வராம போயிருமா லா? ஆண்டவர்கிட்டதானே போறேன், எனக்கென்ன பயம்? நீதான் பயந்து சாவுற."

அது உண்மை. ஒவ்வொரு ஜெபமாலையிலும் ஐம்பத்து மூன்று முறை மரண நேரத்துக்காக வேண்டுகிறவன் நான். என் அக்கா அந்த வார்த்தையை எடுத்ததும், கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி என்ன விலை என்று பேச்சை மாற்றினேன். அவளும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

இரண்டரைக்கு டெக்சி வந்தது. "நாளைக்குப் போலாம்ல தம்பி?" என்றாள்.

"டிக்கெட் எடுத்துட்டேன்கா."

வழியில் சாப்பிட அவித்த சோளம் கொடுத்தாள். பதினெட்டாம் நாள் இறந்துபோனாள்.

அதே எட்டு மணி பஸ்ஸில்தான் மறுபடியும் போனேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் ஃபாதர் மெதுவாகக் கேட்டார்: "வாசகத்த தம்பிகிட்ட சொல்லிக்கிறேன்னாங்க. எது?"

தெரியாது என்றேன். அவராக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார், வாசித்தேன். அக்கா ஆண்டவரிடம் இருக்கிறாள் என்று முழுமனதாக நம்புகிறேன். ஆனால் அவள் கேட்ட ஒன்றே ஒன்றை நான் செய்யவில்லை. எல்லோரும் போன பிறகு, குளிர்சட்டைப் பையில் அப்படியே கிடந்த மெழுகுவர்த்தியை எடுத்து, அவள் ஊன்றிய இடத்திலேயே ஏற்றினேன்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். நவம்பரில் மதியத்துக்கு மேல் மழை வரும், குடை அவசியம். வளைவுகளில் தலை சுற்றுபவர்கள் முன் இருக்கை கேட்டு வாங்குங்கள். நோயில் இருப்பவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், திரும்பும் டிக்கெட்டை முதலிலேயே வாங்காதீர்கள். அவர்கள் பேச ஆரம்பித்தால் உட்கார்ந்து கேளுங்கள். மூன்று மணி பஸ்ஸை விட்டால் மறுநாள் காலை எட்டரைக்கு இன்னொன்று இருக்கிறது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.