சும்மா கிடந்த பாத்தி

காலையில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒற்றைக் கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்துக்கொண்டு வந்து, அட்டைக் கத்தியை என் வயிற்றில் வைத்து, "அங்கிள், புதையல் எங்க?" என்றது. பள்ளியில் கடற்கொள்ளையர் தினமாம். ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பினேன்.

மரக்காணத்தில் நான் வாத்தியாராகச் சேர்ந்த முதல் வருடம், எங்கள் பள்ளியும் ஊர்க்காரர்களும் சேர்ந்து இப்படியொரு விழா நடத்தினார்கள். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. அப்பாக்கள் தாடி ஒட்டிக்கொண்டார்கள். பழைய படகு ஒன்றில் மண்டையோட்டுக் கொடி ஏறியது. சுண்டல்காரர்கூட இடுப்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். எனக்குப் புதையல் வேட்டைப் பொறுப்பு. புது வாத்தியார் இல்லையா, தலைகால் புரியவில்லை.

முந்தின நாள் நானும் ஹெட்மாஸ்டரும் டப்பாக்களைப் புதைக்க இடம் தேடி உப்பளப் பக்கம் போனோம். ஒரு பாத்தி சிமெண்டுத் தரைபோல் மழமழவென்று இருந்தது. இன்னும் தண்ணீர் விடவில்லை. ஹெட்மாஸ்டர் பாண்டியிலிருந்து வருகிறவர், அவருக்கு உப்பளம் புதிது.

"என்ன சார், இங்க யாராவது வேலை பாக்குறாங்களா?"

"இல்ல சார், சும்மாதான் கெடக்குது" என்றேன்.

எட்டு நாளாக என் அம்மாவும் கூட்டாளிகளும் மிதித்த பாத்தி அது. களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கினால்தான் உப்புத்தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். எனக்குத் தெரியாதா? ஆனால் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அம்மா உப்பளக் கூலி என்பதை அந்தப் பள்ளியில் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வெட்கங்கெட்ட வெட்கம்.

குழந்தைகள் சாக்லேட் டப்பா தேடிப் பாத்தி முழுக்கக் குழி தோண்டினார்கள். அப்படியொரு சந்தோஷம். நானும் விசில் ஊதினேன்.

மறுநாள் மேஸ்திரி கத்தித் தீர்த்திருக்கிறார். "நீங்க வேற பாத்திக்குப் போங்க, இத நான் மிதிச்சிர்றேன்" என்று கூட்டாளிகளை அனுப்பிவிட்டு, அம்மா ஒருத்தியே முதலிலிருந்து மிதிக்கத் தொடங்கினாளாம். சாயங்காலம் வீட்டில், வெடித்த குதிகாலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"யாருடா அந்த எடத்த காட்டுனது?"

"தெரியலம்மா."

அடுத்த குதிகாலுக்கு எண்ணெய் எடுத்தாள்.

"புள்ளைங்களுக்கு எதுனா கெடச்சுதா?"

"கெடச்சுதும்மா."

"சரி, போய் சாப்புடு."

அந்த விழா இரண்டு வருடத்தில் நின்றுபோனது. பாத்தியில் மண் கொட்டி மேடாக்கி, இப்போது ஓட்டலுக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். அம்மா போய் ஆறு வருடம். கடைசிவரை அவள் அதை மறுபடி கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை நாளாக என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அப்போதும் தெரியலம்மா என்றுதான் சொல்லியிருப்பேன்.